சிபிசிடி சிடியை வீட்டிலேயே திறந்து பார்ப்பது எப்படி: அம்மாவின் ஒரு பல்லுக்காக நான் பட்ட பாடு

மார்த்தாண்டத்தில் அம்மாவுக்குப் பல் பார்க்கும் டாக்டர், கீழ்த்தாடையில் எடுத்த கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாக இம்பிளான்ட் (எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கலாம், அதற்கு முன் ஒரு சிபிசிடி (தாடையின் முப்பரிமாண ஸ்கேன்) எடுத்து வாருங்கள் என்று சீட்டு எழுதித் தந்தார். களியக்காவிளையில் பஸ் மாறி, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். மறுநாள் டாக்டர் சிடியைப் போட்டுப் பார்த்தார். உள்ளே பன்னிரண்டு ஜேபெக் படங்களும் ஒரு பிடிஎஃப்பும்தான். "இதை வச்சு எலும்பை அளக்க முடியாதே" என்றார். திரும்பவும் களியக்காவிளை, திரும்பவும் தம்பானூர்.

அந்த இரண்டாவது பஸ் பயணம் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எக்ஸ்ரே என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. இது மட்டும் போதும்: வாய்க்குள் சின்ன சென்சார் வைத்து ஒன்றிரண்டு பல்லை எடுப்பது ஆர்விஜி. வளைந்த தாடையைப் பாய் விரித்த மாதிரி தட்டையாகக் காட்டுவது ஓபிஜி. அதில் உயரம் ஏறக்குறைய தெரியும், எலும்பின் தடிமன் தெரியவே தெரியாது. சிபிசிடியில் இயந்திரம் தலையைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து முப்பரிமாணமாக்கும். பிறகு எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் கேக் மாதிரி வெட்டிப் பார்க்கலாம்.

படி 1: கிளம்பும் முன்

டாக்டரின் சீட்டில் எந்தப் பல், எந்தத் தாடை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒரு பல்லுக்கு முழு மண்டையையும் எடுக்க வேண்டியதில்லை. எடுக்கும் பரப்பு சிறிதானால் பொதுவாகக் கதிர்வீச்சும் குறையும், படமும் நுணுக்கமாக வரும்.

நகைகளை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். அம்மாவின் கம்மல் திருகாணி பல வருஷமாகத் திருகப்படாதது. ஸ்கேன் சென்டர் வாசலில் நின்று தேங்காய் எண்ணெய்க்கு எங்கே போவது? பக்கத்துக் கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து, காதில் இரண்டு சொட்டு விட்டு, கால் மணி நேரம் திருகினேன். கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

சுற்றி வர பத்திருபது வினாடிதான் ஆகும், ஆனால் அதுவரை ஆடக் கூடாது. எச்சில் விழுங்கினால்கூடத் தாடை நகர்ந்து படம் கலங்கும். டெக்னீஷியன் பெண் மலையாளத்தில் "அனங்ஙல்லே அம்மே" என்றார். நாங்களும் வீட்டில் "அனங்காத இரி" என்றுதான் சொல்வோம் என்பதால் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

படி 2: கவுண்டரில் கேட்க வேண்டிய ஒரே வாக்கியம்

"டைகாம் ஃபைல் முழுசா வேணும்." அவ்வளவுதான். டைகாம் என்பது மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம். எந்தக் கம்பெனி இயந்திரத்தில் எடுத்தாலும் வேறொரு மென்பொருளில் திறக்கலாம், மில்லிமீட்டரில் அளக்கலாம். பென்டிரைவ் கொண்டுபோனால் இன்னும் நல்லது, இப்போது எந்த லேப்டாப்பில் சிடி டிரைவ் இருக்கிறது? ஃபோல்டரின் அளவையும் அங்கேயே பாருங்கள். பெரும்பாலும் நூறு எம்பியைத் தாண்டும். ஐந்து எம்பிதான் இருக்கிறதென்றால் உங்களுக்கும் ஜேபெக்தான் தந்திருக்கிறார்கள்.

படி 3: திறப்பது

முதலில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். சிடியிலிருந்தே ஓட்டினால் ஆமை வேகம். சிடிக்குள்ளேயே ஒரு வியூவர், அதாவது படத்தைத் திறந்து பார்க்கும் மென்பொருள், இருக்கலாம். என் அனுபவத்தில் ஆன்டிவைரஸ் அதைத் தடுத்துவிடும், தடுக்காவிட்டால் பாதியில் நிற்கும். அதை விட்டுவிடுங்கள்.

விண்டோஸில் என் ஓட்டு ரேடியன்ட் என்ற வியூவருக்கு. சோதனைப் பதிப்புக்குக் காசில்லை. நிரந்தரமாக இலவசம் வேண்டுமென்றால் வீசிஸ். மேக்கில் ஹோரோஸ். 3டி ஸ்லைசரும் இலவசம்தான், ஆராய்ச்சி செய்பவர்களே பயன்படுத்துவது. அம்மாவின் ஒரு பல்லுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது. போனில் பார்க்க முயலாதீர்கள், கண்ணுக்குக் கேடு.

ஃபோல்டருக்குள் நூற்றுக்கணக்கான ஃபைல்கள் இருக்கும், பலவற்றின் பெயருக்குப் பின்னால் .jpg மாதிரி நீட்டிப்பே இருக்காது. நான் ஒன்றை டபுள் கிளிக் செய்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் வந்தது, ஸ்கேன் வீணாகிவிட்டது என்றே நினைத்தேன். அது ஒரே ஒரு வெட்டு, அவ்வளவுதான். ஃபோல்டர் முழுவதையும் பிடித்து வியூவர் மேல் இழுத்துப் போட வேண்டும்.

படி 4: இடது வலது

திரையில் எந்தப் பக்கம் பல் இல்லை என்று பார்த்தேன். என் வலது கைப் பக்கம். அம்மாவுக்கு எடுத்ததோ இடது பக்கப் பல். "அய்யோ, பக்கம் மாறிப்போச்சு" என்று டாக்டருக்குப் போன் போடவே போய்விட்டேன். மாறவில்லை. நோயாளி நமக்கு எதிரே நிற்பதாக வைத்துத்தான் படம் காட்டப்படும்: அவருடைய இடது, திரையின் வலது. ஓரத்தில் பக்கத்தைச் சொல்லும் எழுத்து இருக்கும், அதை நம்புங்கள்.

ரிப்போர்ட்டில் 36 என்று இருந்ததைப் பார்த்து அம்மா கேட்டார், "எனக்கு ஆக மொத்தம் முப்பத்திரண்டுதானே மக்களே?" அதை மூன்று–ஆறு என்று படிக்க வேண்டும். முதல் எண் வாயின் எந்தக் கால்பகுதி என்பது: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. இரண்டாவது எண், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது.

படி 5: சரியாக வெட்டுவது

இங்கேதான் எனக்கு ஒரு ராத்திரி போயிற்று.

எம்பிஆர் என்ற பொத்தானை அழுத்தினால் மூன்று சன்னல்கள் வரும்: மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து. நான் முன்னிருந்து பார்க்கும் சன்னலில் பல் இல்லாத இடத்துக்குப் போய், எலும்பின் அகலத்தை அளந்தேன். 7.1 மில்லிமீட்டர். டாக்டர் அளந்தபோது 6.2. யார் தப்பு?

நான்தான். வாழைக்காயை நேராக வெட்டினால் வட்டமான துண்டு, சாய்த்து வெட்டினால் நீண்ட துண்டு. பஜ்ஜி போடுகிறவர்களுக்கு இது தெரியும். தாடை குதிரை லாடம் மாதிரி வளைந்தது. மென்பொருள் தானாகக் காட்டும் வெட்டு முகத்துக்கு நேராக இருக்கும், தாடைக்கு நேராக இருக்காது. அதனால் கடைவாய்ப் பக்கம் எலும்பைச் சாய்வாக வெட்டி, தடிமனைக் கூட்டிக் காட்டும்.

செய்ய வேண்டியது: மேலிருந்து பார்க்கும் சன்னலில் வண்ணக் கோடுகள் குறுக்கிடும் புள்ளியைப் பல் இல்லாத இடத்தில் வையுங்கள். ஒரு கோட்டின் ஓரத்தைப் பிடித்து, அது தாடை போகும் திசையிலேயே படுக்கும்வரை திருப்புங்கள். மற்றக் கோடு தாடைக்குக் குறுக்கே செங்குத்தாக நிற்கும். அந்தக் கோட்டுக்குரிய சன்னலில் தெரிவதுதான் உண்மையான குறுக்குவெட்டு. அப்படி அளந்தபோது எனக்கும் 6.2 வந்தது.

ஒரு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது? இம்பிளான்ட்டின் இரு பக்கமும் குறைந்தது ஒரு மில்லிமீட்டராவது எலும்பு மிஞ்ச வேண்டும். 7.1ஐ நம்பியிருந்தால் 5 மில்லிமீட்டர் திருகு வைக்கலாம் என்று தோன்றும். 6.2க்கு 4தான்.

படி 6: நரம்பு

அதே குறுக்குவெட்டில், எலும்பின் கீழ்ப்பகுதியில், மெல்லிய வெள்ளை ஓரம் போட்ட சின்னக் கருப்பு வட்டம் தெரியும். கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு போகும் குழாய் அது. தெரியாவிட்டால் முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே எலும்பின் வெளிப்புறத்தில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வெட்டாக நகருங்கள். இம்பிளான்ட்டின் நுனிக்கும் இந்தக் குழாய்க்கும் நடுவே 2 மில்லிமீட்டர் விடுவது வழக்கம். அளவை முடிவு செய்வது டாக்டர்தான். ஆனால் அவர் திரையைத் திருப்பிக் காட்டியபோது அம்மாவும் நானும் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்த்தோம்.

படி 7: அனுப்புவது

ஃபோல்டரை ஜிப் செய்து, கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்டரின் மெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பழைய ஜேபெக் கதைதான். டைகாமுக்குள் பெயர், பிறந்த தேதி எல்லாம் பதிந்திருக்கும். ஃபேஸ்புக் குழுக்களில் போட்டுக் கருத்துக் கேட்காதீர்கள்.

பின்சேர்க்கை

ஒருவர் கேட்டார்: என் சிடியில் ஒரே ஒரு டைகாம் ஃபைல்தான் இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்களா? அளவைப் பாருங்கள். சில இயந்திரங்கள் எல்லா வெட்டுகளையும் ஒரே ஃபைலில் அடைத்துத் தரும். பெரிதாக இருந்தால் சரிதான்.

இன்னொருவரின் படத்தில் பல்லைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி வெள்ளைக் கீற்றுகள். பக்கத்துப் பல்லில் உலோகக் கேப் இருக்கும். அந்தக் கீற்றுக்குள் எதையும் அளக்க வேண்டாம்.

கதிர்வீச்சுப் பயம் பற்றிப் பலர். ஒரு ஆர்விஜிக்குச் சில மைக்ரோசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), சிபிசிடிக்குப் பரப்பைப் பொறுத்துச் சில பத்துகளிலிருந்து சில நூறுவரை. இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2400 மைக்ரோசீவர்ட் வாங்குகிறோம். அம்மா பிறந்ததோ மணவாளக்குறிச்சி. அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது, அதற்குள் கதிர்வீசும் தோரியம். சராசரியைவிடக் கூடுதலாக வாங்கி வளர்ந்தவர், ஸ்கேன் அறை வாசலில் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்காகத் தேவையில்லாமல் எடுக்கலாம் என்று சொல்லவில்லை. கழுத்துக்கு ஈயப் பட்டை போடவில்லையே என்ற கேள்விக்கு: அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2024இல் அது வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. பட்டை கதிரின் வழியில் வந்தால் படம் கெட்டு மறுபடி எடுக்க நேரும்.

கடைசியாக ஒன்று. காப்பியை இரண்டு இடத்தில் வையுங்கள். எங்கள் சிடி இப்போது புடலம் பந்தலில் கிளி விரட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா என்னிடம் கேட்கவில்லை.