ஆசிரியர் பயிற்சியில் உளவியல்: எப்படிப் படிக்கலாம்?

பயிற்சிக்கு வருபவர்களில் பலர் உளவியலைப் பெயர்களும் நிலைகளுமாக மனப்பாடம் செய்கிறார்கள். என்னிடம் படிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு கோட்பாட்டைப் படித்த வாரத்திலேயே அதை ஒரு குழந்தையிடம் பாருங்கள், பார்த்ததை நோட்டில் எழுதுங்கள்.

குழந்தையின் சிந்தனை வளர்ச்சியை வயதுவாரியான நிலைகளாகப் பிரித்த உளவியலாளர் பியாஜேவில் தொடங்கலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, 'ரெண்டும் ஒரே அளவுதானா?' என்று கேளுங்கள். குழந்தை ஆமாம் என்றதும், ஒன்றில் இருப்பதை அதன் கண்முன்னேயே உயரமான, ஒல்லியான டம்ளருக்கு மாற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் ஒல்லி டம்ளரில்தான் அதிகம் என்னும். உயரம் கூடியது கண்ணில் படுகிறது, அகலம் குறைந்தது படவில்லை. திருத்தாதீர்கள். 'எப்படிச் சொல்றே?' என்று கேட்டு, பதிலை அதன் வார்த்தைகளிலேயே எழுதுங்கள். எட்டு வயதுக் குழந்தை, 'திரும்ப ஊத்தினா பழையபடி ஆயிடும்' என்பது போலக் காரணம் சொல்லும். 2–7 வயது, 7–11 வயது என்று பியாஜே பிரித்த இரண்டு நிலைகளின் வித்தியாசம் இந்தப் பதில்களில் தெரியும். வயது எல்லைகள் தோராயமானவை. ஆறு வயதில் சரியாகச் சொல்லும் குழந்தையும் உண்டு.

வைகாட்ஸ்கியும் பியாஜேவைப் போல 1896-ல் பிறந்தவர்தான். துணை கிடைத்தால் குழந்தையால் என்ன முடியும் என்று பார்த்தவர் அவர். 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் குழந்தையிடம், '2-லேர்ந்து 7 போகுமா?' என்று மட்டும் கேளுங்கள். யோசித்து 25-க்கு வந்துவிட்டால், அந்தக் கணக்கு அதன் அண்மை வளர்ச்சி மண்டலத்துக்குள், அதாவது தனியாக முடியாமல் சிறு துணையோடு முடிகிற எல்லைக்குள், இருக்கிறது. அங்கேதான் நீங்கள் கற்பிக்க வேண்டும்.

எபிங்ஹாஸின் மறதி ஆய்வு 1885-ல் வெளிவந்தது. மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்விகளோடு வகுப்பைத் தொடங்குங்கள்.

அப்புறம், ஒரு நடத்தை அதன் விளைவால் எப்படிக் கூடுகிறது, குறைகிறது என்று ஆராய்ந்த ஸ்கின்னர். நடத்தையைக் கூட்டுவதுதான் வலுவூட்டல். எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதிவிடாதீர்கள். தண்டனை ஒரு நடத்தையைக் குறைக்கும். பிடிக்காத ஒன்றை நீக்குவதால் நடத்தை கூடினால் அது எதிர்மறை வலுவூட்டல். கணக்கு பிடிக்காத பையன் சத்தம் போடுகிறான், ஆசிரியர் வெளியே அனுப்புகிறார். அவருக்கு அது தண்டனை. அவனுக்கோ கணக்கிலிருந்து விடுதலை. மறுநாள் இன்னும் சீக்கிரமே சத்தம் போடுவான். இப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், சத்தத்துக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அதுவரை வெளியே அனுப்ப வேண்டாம். அவனால் போட முடிந்த கணக்கு ஒன்றை முதலில் கொடுங்கள்.