பழைய ஜெபப்புத்தகப் படங்கள்: காப்பாற்ற நினைத்துக் கெடுத்துவிடாதீர்கள்

கொடைக்கானலிலும் அதைச் சுற்றிய மலைக் கிராமங்களிலும் பழைய ஜெபப்புத்தகங்களையும் புனிதர் வரலாறுகளையும் பாதுகாத்து வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவற்றில் உள்ள செதுக்குப் படங்களை, அதாவது செப்புத்தகட்டிலோ மரக்கட்டையிலோ செதுக்கி அச்சிட்ட படங்களை, பூச்சி அரிப்பது ஒரு பக்கம் இருக்க, அக்கறையோடு நாம் செய்யும் வேலைகளாலேயே பல படங்கள் பாழாகின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏடுகள் நமுத்துப் பழுப்புப் புள்ளி விழுந்ததும், புத்தகத்தைக் கணப்பின் அருகிலோ உச்சி வெயிலிலோ விரித்து வைப்பது பெருந்தவறு. திடீர்ச் சூட்டில் தாள் சீரற்றுக் காய்ந்து நெளியும். வெயில் தாளின் நார்களையே நொறுங்க வைக்கும். காற்றோட்டமான அறையில், நிழலில், ஏடுகள் விசிறிபோல் விரியும்படி நிறுத்தி வைத்தால் போதும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரும் என்பதால், குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி இப்புத்தகங்களுக்கு ஆகாது.

நெளிந்த தாளை இஸ்திரி போடுவது அதைவிடக் கொடுமை. இப்படங்களில் பல, செப்புத்தகட்டில் கோடுகளைக் குடைந்து, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தவை. அத்தகைய படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த செவ்வகப் பள்ளம் இருக்கும். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மைக்கோடுகள் தாளின் மேல் சற்றே மேடிட்டு நிற்பதும் தெரியும். இஸ்திரிப் பெட்டி இவ்விரண்டையும் நசுக்கிவிடும். பிறகு எந்த வல்லுநராலும் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்தப் பள்ளம் இல்லையென்றால் படம் போலி என்று முடிவுகட்டுவதும் பிழை. 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில் ஏராளமான படங்கள் கெட்டியான மரக்கட்டையில் செதுக்கப்பட்டு, எழுத்துகளோடு ஒரே அச்சில் ஏற்றப்பட்டவை; அவற்றில் தகட்டுப் பள்ளம் இருக்க வழியில்லை. செப்புப் படமாயிருந்தாலும் பைண்டர் ஓரத்தை வெட்டியிருக்கலாம்.

படத்தின் அடியில் உள்ள பெயரைப் பார்த்ததும் அவரே செதுக்கியவர் என்று எழுதி வைக்க வேண்டாம். 1866-இல் வெளிவந்த வேதாகமப் படங்களை வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே. மரத்தில் செதுக்கியவர்களோ பிசான் முதலிய வேறு கைவினைஞர்கள். படத்தில் உள்ள ஆண்டும் புத்தகத்தின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இயேசு சபையைச் சேர்ந்த ஜெரோம் நதாலின் நற்செய்திப் படத்தொகுதிக்காக 153 செப்புத்தகடுகள் செதுக்கப்பட்டன. 1593-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் அச்சான அதே தகடுகள் பின்வந்த பதிப்புகளுக்கும் பயன்பட்டன. கோடுகள் தேய்ந்து மங்கியிருந்தால், அது பிந்தைய அச்சாக இருக்கக்கூடும்.

செலோ டேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். நீரில் கழுவவும் கூடாது. கையால் பூசிய வண்ணம் கரைந்து ஓடிவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்காகப் படத்தை மட்டும் வெட்டி எடுக்கும் வழக்கம். பின்பக்கத்து ஜெபமும், எதிர்ப்பக்கத்தோடு அதற்கிருந்த உறவும் அத்தோடு அறுந்துபோகின்றன. நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து அந்த நகலை மாட்டுங்கள். மூலம் புத்தகத்திலேயே இருக்கட்டும்.