பாலின ஆய்வில் முனைவர் பட்டம்: முதலில் நெறியாளர்

பாலின ஆய்வில் பிஎச்.டி. செய்ய விரும்புகிறவர்கள் தலைப்பை முடிவு செய்வதற்கு முன் நெறியாளரை, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியரைத் தேடுங்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பாலின ஆய்வுக்கு இடம் தரும் மகளிரியல் துறை இருக்கிறது. ஆனால் ஒரு பேராசிரியரிடம் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6, உதவிப் பேராசிரியரிடம் 4 பேர்தான் பதிவு செய்ய முடியும். ஓய்வு பெற 3 ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதியவர்களை ஏற்கவும் முடியாது. ஆகவே, காலியிடம் இருக்கிறதா, இன்னும் எத்தனை ஆண்டு பணி இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் மகளிரியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால் அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும்; தள்ளிப்போடாதீர்கள்.

திருமணம், குழந்தை என்று தயங்கும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: 2022 யுஜிசி விதிகளின்படி ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. வழக்கமான 6 ஆண்டுக்கு மேல் 2 ஆண்டு கூடுதல் அவகாசமும் கிடைக்கும். விடுப்பு, அவகாச விண்ணப்பத்தை எழுத்து மூலமாகவே கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.