திருட்டுப் புகாரில் ‘காணவில்லை’ என்று எழுதாதீர்கள்

ஒன்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் புகார்களை எழுதிப் பதியும் ரைட்டராக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும், தெருவில் யார் வீட்டில் பொருள் போனாலும் “ஏட்டம்மா, ஒரு மனு எழுதிக் கொடுங்க” என்று வந்துவிடுகிறார்கள். பலர் தாங்களே ஒன்றை எழுதிக் கொண்டுவருவார்கள். அதன் முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “எனது வண்டியைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்.”

காணவில்லை என்றால் தொலைந்தது என்று அர்த்தம். யாரோ எடுத்தார்கள் என்று நீங்களே சொல்லாதபோது எப்.ஐ.ஆர். எதற்கு என்று, மனு வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட முடியும். இன்சூரன்ஸ் கேட்கப் போனாலும் இதே வார்த்தை குறுக்கே நிற்கும்.

ஒரு ஆத்தா நினைவுக்கு வருகிறார். இரண்டு வெள்ளாடுகள் போய்விட்டன. “ஆடு காணவில்லை” என்று பேரன் எழுதித் தந்த தாளோடு வந்தார். பேசப் பேச மடியிலிருந்து முழ நீளக் கயிறு ஒன்றை எடுத்தார். ஆடு இழுத்து அறுத்திருந்தால் நுனி பிரிபிரியாக இருக்கும். இது கத்தி வைத்த மாதிரி ஒரே சீராக இருந்தது. தாளைத் திருப்பி மறுபடி எழுதினோம்: சாயங்காலம் ஆறு மணிக்குக் கொட்டகையில் கட்டினேன், இரவு இரண்டு மணிக்கு நாய் குரைத்தது, விடிந்து பார்த்தால் கயிறு அறுக்கப்பட்டிருந்தது, யாரோ என் சம்மதமில்லாமல் திருடிச் சென்றுவிட்டார்கள். அன்றைக்கே இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 379-ல், அதாவது திருட்டு என்றே, வழக்குப் பதிவானது.

2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ. இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திருட்டு இப்போது பிரிவு 303. சட்டம் பார்ப்பது இதைத்தான்: அசையும் பொருள், உங்கள் கைவசம் இருந்தது, சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்தினார்கள். சொந்தம் யாருடையது என்பது அப்புறம். அடகு வைத்த தன் கடிகாரத்தையே கடனைக் கட்டாமல் எடுத்துக்கொண்டு போனவனும் திருடன்தான் என்று சட்டமே உதாரணம் சொல்கிறது. அதனால் இரவல் வாங்கிய சைக்கிள் போனாலும் நீங்கள் புகார் தரலாம். ஆனால் நீங்களே நம்பி ஒப்படைத்த வண்டியை ஒருவர் விற்றுத் தின்றுவிட்டால் அது திருட்டில்லை, நம்பிக்கை மோசடி, பிரிவு 316. அங்கே “நம்பி ஒப்படைத்தேன்” என்று எழுத வேண்டும்.

பிரிவு எண்ணை நீங்கள் எழுத வேண்டியதில்லை. நடந்ததை எழுதினால் பிரிவு தானாக வந்து நிற்கும். எங்கிருந்து போனது, எப்படிப் போனது என்ற இரண்டையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருஷம் வரை சிறை. அதே பொருள் குடியிருக்கும் வீட்டுக்குள்ளிருந்து போயிருந்தால் பிரிவு 305, ஏழு வருஷம் வரை. கழுத்துச் சங்கிலியை வெடுக்கென்று பிடுங்கினால் 304, பறிப்பு. பிடுங்கும்போது தள்ளி அடிபட்டாலோ கத்தியைக் காட்டி மிரட்டினாலோ கொள்ளை, 309. சிராய்ப்புதானே என்று முழங்கைக் காயத்தை எழுதாமல் விடுகிற பெண்கள் நிறைய. தயவுசெய்து எழுதுங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டையும் வாங்கி வையுங்கள்.

அடுத்தது மதிப்பு. போன பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் சாதாரணத் திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. முதல் தடவை தண்டனை பெறுகிறவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமுதாய சேவைதான் தண்டனை. அதற்காகக் கூட்டிச் சொல்லாதீர்கள், கூச்சப்பட்டுக் குறைத்தும் சொல்லாதீர்கள். பர்ஸ் போனால் பணம், உள்ளே இருந்த மோதிரம், போன் எல்லாவற்றையும் சேர்த்தே போடுங்கள்.

அடையாளம் எழுதும்போது கஞ்சத்தனம் கூடாது. நகைக்கு எத்தனை பவுன், என்ன மாடல், ஹால்மார்க் எண், கொக்கி பற்றவைத்த இடம். வண்டிக்கு இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும். போனுக்கு அதன் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ., அது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். கோபத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதியவர்கள் பிறகு பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். தாமதமாகப் போனால் ஏன் தாமதம் என்று ஒரு வரி.

எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். எல்லை இல்லையென்று திருப்பி அனுப்பக்கூடாது. ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்.

பொருள் கிடைத்தால் வழக்கு முடியும்வரை அது ஸ்டேஷன் வளாகத்தில் துருப்பிடிக்க வேண்டியதில்லை. திருப்பித் தரச் சொல்லி, பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) பிரிவு 497-ல் கோர்ட்டில் மனுப் போடலாம். பில், ஆர்.சி. நகலை இணைத்துவிடுங்கள். அந்த ஆத்தாவின் ஆடு நான்காம் நாள் சந்தையில் பிடிபட்டபோது அவரிடம் பில் ஏது? “இடது காதில் பாதிக்கு வெட்டு, நெற்றியில் வெள்ளை” என்று புகாரில் எழுதியிருந்த வரியைக் காட்டித்தான் கேட்டு வாங்கினோம்.