ஜாவாஸ்கிரிப்ட்: பழைய தேதி மாறாமல் புதுத் தேதி எடுப்பது

பில் தேதி 2024 ஜனவரி 31. அதற்கு 30 நாள் தள்ளிக் கெடு வேண்டும். பில் தேதியைச் சமக்குறி போட்டுக் 'கெடு' என்ற மாறியில் வைத்து, அதன்மேல் செட்டேட் (தேதியின் நாளை மாற்றும் கட்டளை) போட்டால் கெடு மார்ச் 1 என்று சரியாகவே வரும். ஆனால் பில் தேதியும் மார்ச் 1 ஆகியிருக்கும்.

சமக்குறி தேதியை நகலெடுப்பதில்லை. ஒரே தேதிக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். மாறிக்கு வேறு மதிப்பு வைக்கவிடாத கான்ஸ்ட் போட்டாலும் தேதி மாறும். ஆப்ஜெக்டைப் பூட்டும் ஆப்ஜெக்ட்.ஃப்ரீஸ் போட்டாலும் மாறும்.

படி 1: நியூ டேட் அடைப்புக்குள் பில் தேதியைக் கொடுத்து, வருவதைக் கெடுவில் வையுங்கள். இதுதான் நகல்.

படி 2: தனி வரியில், கெடு.செட்டேட்(கெடு.கெட்டேட்() + 30). மாதம் தாண்டுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். 30 நாளை மில்லிசெகண்டாக்கிக் கூட்டாதீர்கள். இந்தியாவில் பிழை தெரியாது, லண்டனில் கோடைக்கால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவது) குறுக்கிட்டால் ஒரு மணி நேரம் பிசகும்.

'தனி வரியில்' என்றது சும்மா இல்லை. செட்டேட் தேதியைத் திருப்பித் தராது. 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிசெகண்டைத் தரும். இரண்டு படியையும் ஒரே வரியாக்கிக் கெடுவில் வாங்கினால் கையில் இருப்பது 13 இலக்க எண். அந்த வரியில் பிழை வராது. பத்து வரி தள்ளி அதனிடம் கெட்மந்த் (மாதம்) கேட்கும்போதுதான் 'அது ஃபங்ஷன் இல்லை' என்று வெடிக்கும். நீங்கள் தேடுவதும் தப்பான இடத்தில்.

படி 3: இரண்டு வரியையும் 'நாள்கூட்டு' என்ற ஃபங்ஷனில் போட்டு, நகலை ரிட்டர்ன் செய்யுங்கள். வேறெங்கும் செட்டேட் எழுதாதீர்கள்.

மாதம் கூட்டுவது வேறு தலைவலி. ஜனவரி 31-ஐ நகலெடுத்து மாதத்தை மாற்றும் செட்மந்த்தில் பிப்ரவரி கொடுத்தால் 2024-ல் மார்ச் 2 வரும், ஏனென்றால் பிப்ரவரி 31 கிடையாது. இதற்கு மட்டும் டேட்-எஃப்என்எஸ் என்ற லைப்ரரியைப் போடலாம்: மாதம் கூட்டும் அதன் ஆட்மந்த்ஸ் பிப்ரவரி 29-லேயே நிற்கும், மூலத்தையும் தொடாது. மொமென்ட் என்ற இன்னொரு லைப்ரரி புதிய வேலைக்கு வேண்டாம். அதன் ஆட் (கூட்டும் கட்டளை) மூலத்தையே மாற்றும், 2020 முதல் அதில் புது வசதிகளும் சேர்ப்பதில்லை.

பின்சேர்க்கை: தேதி ஓர் ஆப்ஜெக்டுக்குள் இருந்தால், மூன்று புள்ளி போட்டு ஆப்ஜெக்டை விரித்தாலும் உள்ளே அதே பழைய தேதிதான். ஜேசன் (தரவை எழுத்தாக்கும் வடிவம்) வழியாக நகலெடுத்தால் தேதி வெறும் எழுத்துச் சரமாகிவிடும். உள்ளே இருப்பதையும் சேர்த்து நகலெடுக்கும் ஸ்ட்ரக்சர்டுக்ளோன் போடுங்கள். சோதிக்கும்போது இரண்டு தேதியையும் மூன்று சமக்குறியால் ஒப்பிடாதீர்கள், நகல் என்றால் எப்போதும் பொய் என்றே வரும். கெட்டைம் தரும் மில்லிசெகண்ட் எண்ணை எடுத்து ஒப்பிடுங்கள்.