"எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள்

புதிதாக கேமரா வாங்கிய எல்லோரும் செய்வதுதான். நன்றாக வந்திருப்பதாகத் தோன்றும் ஒரு படத்தை நான்கு பேரிடம் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்போம், "சூப்பர்", "செம" என்று பதில் வரும், அத்தோடு முடிந்துவிடும். அவர்கள் பொய் சொல்வதில்லை, நம் மேல் இருக்கும் பிரியத்தில் சொல்கிறார்கள். ஆனால் அந்த "சூப்பரை" வைத்துக்கொண்டு நாளைக் காலையில் கேமராவில் எதை மாற்றுவது? கற்றுக்கொள்ள உதவும் பதில் வேண்டுமென்றால் கேள்வியை மாற்ற வேண்டும்.

எனக்கு இது புரிந்தது ஒரு கோலப் படத்தில். மார்கழி மாதம், சரியாக விடியவில்லை, சாணம் தெளித்த வாசலில் அம்மா குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 4, ஷட்டர் 1/30 நொடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600. இருட்டிலும் படம் பளிச்சென்று வந்ததில் எனக்கு ஏக சந்தோஷம். தெருமுனையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நல்லா இருக்கு, இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. "இதுல நான் எதைப் பார்க்கணும்?" என்று திருப்பிக் கேட்டார். "அம்மா கோலம் போடறதைண்ணா" என்றேன். "எனக்கு முதல்ல வண்டிச் சக்கரம்தான் தம்பி தெரியுது." இடது ஓரத்தில் அப்பாவின் ஸ்கூட்டர் சக்கரம் பாதி நுழைந்திருந்தது, எடுக்கும்போது அது என் கண்ணில் படவே இல்லை. அவர் கட்டைவிரலை வைத்து அந்த மூலையை மறைத்தார். மறைத்ததும் பார்வை நேராக அம்மாவின் விரல்களுக்குப் போனது. அப்புறம் கோலத்தைப் பெரிதாக்கி, "மாவு எங்க? வெறும் வெள்ளைதானே இருக்கு" என்றார்.

இரண்டும் வேறு வேறு குறை. சக்கரம் கம்போசிஷன், அதாவது படத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்பது. மாவு எக்ஸ்போஷர், அதாவது படத்தில் எவ்வளவு வெளிச்சம் பதிந்தது என்பது. ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டால் குழம்பிப்போகும், அதனால் பிரித்துக் கேளுங்கள், யாரிடம் எதைக் கேட்பது என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

கம்போசிஷனுக்கு போட்டோகிராபர்தான் வேண்டும் என்பதில்லை. பாட்டி, பக்கத்து வீட்டுப் பையன், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர், யாராக இருந்தாலும் சரி. படத்தைக் காட்டி, ஒன்றும் விளக்காமல், "முதல்ல கண்ணு எங்க போச்சு? அடுத்து எங்க?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லிவிட்டால் அவர்கள் படத்தை விட்டுவிட்டு நம் விளக்கத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று பேர் ஒரே தவறான இடத்தைச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் அது ஓரத்தில் வெட்டுப்பட்ட ஏதாவதாக இருக்கும், அல்லது பின்னணியில் இருக்கும் பளிச்சென்ற பிளாஸ்டிக் குடமோ தலைக்குப் பின்னால் முளைத்தது போல் நிற்கும் கரண்ட் கம்பமோ.

எக்ஸ்போஷருக்கு மட்டும் விஷயம் தெரிந்தவர் வேண்டும். கல்யாணப் படம் எடுப்பவர்களையும் ஸ்டுடியோக்காரர்களையும் நாம் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதே இல்லை என்பது என் எண்ணம். படத்தைப் பார்த்ததும் "ஒரு ஸ்டாப் அண்டர்" என்று சொல்லும் கண் அவர்களுக்கு இருக்கிறது. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு அல்லது பாதி, அண்டர் என்றால் வெளிச்சம் குறைவு. முகூர்த்த நாளில் போய் நிற்காதீர்கள், ஆடி மாதத்தில் போங்கள், நேரம் இருக்கும்.

அவரிடம் போகும்போது படத்தோடு மூன்று விவரம் சொல்லுங்கள்: என்ன வெளிச்சம், என்ன செட்டிங், எந்த இடத்தில் விவரம் தெரிய வேண்டும் என்று நினைத்தீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். ஏனென்றால் சரியான எக்ஸ்போஷர் என்று தனியாக ஒன்று கிடையாது, எதைக் காப்பாற்ற நினைத்தீர்கள் என்பதை வைத்துத்தான் சரி, தவறு. கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டருக்குச் சாணம் என்றும் வேட்டி என்றும் தெரியாது. முன்னால் எது இருந்தாலும், விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று ஏறத்தாழ கணக்குப் போட்டுவிடும். என் படத்தில் பெரும்பகுதி கருத்த ஈரத்தரை, அதைச் சாம்பலாக்கப் பார்த்து எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது, கோலக் கோடுகளில் மாவின் பொடி தெரியாமல் போனது. மீட்டரின் கணக்கை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-ல், அதாவது ஒரு ஸ்டாப் குறைவாக, வைத்திருந்தால் போதும். வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் மாப்பிள்ளையை எடுத்தால் கதை தலைகீழ். வேட்டி அழுக்காகத் தெரியும், முகம் கருத்துப்போகும், அங்கே பிளஸ் பக்கம் போக வேண்டும். ரொம்பப் போனால் வேட்டியின் மடிப்பு காணாமல் போகும். முகமா, மடிப்பா என்று நீங்கள் சொன்னால்தான் அவரால் பதில் சொல்ல முடியும்.

படத்தை அனுப்பும் விதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஷட்டர், ஐஎஸ்ஓ விவரங்களும் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். நேரில் போனில் காட்டுவதென்றால் திரையின் வெளிச்சத்தை நடுவில் வையுங்கள். முழுசாக ஏற்றி வைத்த திரையில் அண்டர் படமும் நன்றாகத்தான் தெரியும், வெயிலில் பார்த்தால் சரியான படமும் இருட்டாகத் தெரியும். கண்ணை நம்ப முடியாத இடத்தில் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை எது எவ்வளவு இருக்கிறது என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம் அது. மேடு வலது சுவரில் போய் முட்டி நின்றால் வெள்ளை எங்கேயோ வெளுத்திருக்கிறது, இடது சுவரில் முட்டினால் கறுப்பில் விவரம் போயிருக்கிறது. சூரியனே ஃபிரேமுக்குள் இருந்தால் வலதில் கொஞ்சம் முட்டத்தான் செய்யும், அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

எத்தனை படம் காட்டுவது? மூன்று, அதிகம் போனால் ஐந்து. நாற்பது படத்தைக் கொடுத்தால் யாரும் தள்ளிக்கொண்டே போவார்கள். ஆனால் அந்த மூன்றுக்கு முன்னாலும் பின்னாலும் எடுத்தவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். "ரெண்டு அடி வலது பக்கம் போயிருந்தா?" என்று அவர் கேட்டால், ஒருவேளை நீங்கள் போயிருப்பீர்கள், அந்தப் படத்தை எடுத்துக் காட்டலாம்.

தனியாக ஆள் பிடிக்கக் கூச்சமாக இருந்தால் சேர்ந்து எடுக்கப் போங்கள். இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1850-களிலேயே சென்னையில் புகைப்படச் சங்கம் இருந்தது, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கமான ஓவியப் பள்ளியை 1850-ல் ஆரம்பித்த அலெக்சாண்டர் ஹண்டர்தான் அதற்கும் முன்னின்றவர். இப்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கும் மயிலை அறுபத்துமூவர் திருவிழாவுக்கும் கும்பலாகப் போய் எடுக்கிறார்கள். அதில் பெரிய லாபம், ஒரே வெளிச்சத்தில் ஒரே காட்சியை வேறு ஒருவர் எப்படி எடுத்தார் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர் கீழே உட்கார்ந்து எடுத்திருப்பார், நாம் நின்றபடி எடுத்திருப்போம். எந்த விமர்சனத்தையும் விட அந்த ஒப்பீடு சீக்கிரம் புரியவைக்கும்.

பதில் வரும்போது வாயைத் திறக்காதீர்கள். "இல்லண்ணா, அங்க இடமே இல்ல" என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படம் பார்ப்பவருக்கு அந்த இடநெருக்கடி தெரியப்போவதில்லை. எழுதிக்கொள்ளுங்கள். இருவர் எதிரெதிராகச் சொன்னால் யார் சொன்னது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், இருவரும் படத்தில் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள், தொந்தரவு அங்கேதான் இருக்கும். படத்தைப் பார்க்காமலே "மூணுல ஒரு பங்குல வை" (முக்கியமானதை நடுவில் வைக்காமல், ஃபிரேமை மூன்றாகப் பிரிக்கும் கோட்டில் வை) என்று சொல்பவரிடம் "ஏன்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். காரணம் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம். குறை என்று சொன்னதெல்லாம் குறையும் இல்லை: அம்மாவின் கை 1/30-ல் லேசாகக் கலங்கியிருந்ததை ஒருவர் தப்பு என்றார், எனக்கு மாவு விழும் வேகமே அதில்தான் இருப்பதாகப் பட்டது, அதை மாற்றவில்லை.

அப்புறம், சொன்னதில் ஒன்றிரண்டை மட்டும் திருத்தி அதே இடத்தை மறுபடி எடுங்கள், அதே ஆளிடம் காட்டுங்கள். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் விடியற்காலையில் ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்திவிட்டு, மைனஸ் 1 வைத்து எடுத்தேன். கோட்டின் ஓரத்தில் மாவு பொடிப்பொடியாகச் சிதறியிருந்தது கூடத் தெரிந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். "மாவு வந்துடுச்சு" என்றார். அப்புறம் அம்மாவின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கேட் கம்பியின் மேல் கட்டைவிரலை வைத்தார்.