சென்டினல்ஸ் ஆட்டத்துக்குப் புதியவரை அழைத்து வருவது எப்படி

சென்டினல்ஸ் ஆஃப் தி மல்டிவெர்ஸ் ஆடும் யாரிடமாவது, "இந்த ஆட்டம் உங்களுக்கு எப்படி அறிமுகமானது?" என்று கேட்டுப் பாருங்கள். பெட்டியை எப்போது வாங்கினோம் என்று யாரும் தொடங்குவதில்லை. முதல் நாள் தன் கையில் இருந்த ஹீரோ யார், வில்லனைக் கடைசியாக வீழ்த்திய அடி யாருடையது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் யார் என்றுதான் சொல்வார்கள். என் மேசைக்கு வந்த அத்தனை பேரிடமும் இதைக் கேட்டிருக்கிறேன். முதல் ஆட்டம் பிடித்துப்போனவர்கள் தாமாகவே திரும்பி வந்தார்கள். முதல் ஆட்டத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தவர்களை மறுபடி அழைத்து வருவது பெரும்பாடு. அதனால் இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்துபவரின் தோளில் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். அந்தப் பொறுப்பை நிறைவேற்ற நான் கடைப்பிடிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டத்தைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்டோபர் படெல், பால் பெண்டர், ஆடம் ரெபோட்டாரோ ஆகியோர் உருவாக்கி, 2011-இல் கிரேட்டர் தேன் கேம்ஸ் (Greater Than Games) நிறுவனம் வெளியிட்ட கூட்டுறவுச் சீட்டாட்டம் இது. ஆடுபவர்கள் எல்லோரும் ஒரே அணி. ஒவ்வொருவருக்கும் ஒரு சூப்பர்ஹீரோ, அவருக்கென்றே 40 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு. எதிரே வில்லனுக்கு ஒரு கட்டு, சண்டை நடக்கும் இடத்துக்கு ஒரு கட்டு. அந்த இரண்டையும் யாரும் ஆடுவதில்லை. முறை வரும்போது மேல் சீட்டைத் திருப்பினால் அவை தாமாகவே இயங்கும். எல்லோரும் சேர்ந்து ஜெயிக்கிறோம், அல்லது சேர்ந்து தோற்கிறோம்.

முதலில், வரப்போகிறவர் எந்த வழியாக வருகிறார் என்று பாருங்கள். கணினியிலோ கைப்பேசியிலோ ஆடிவிட்டு வருபவர்கள் உண்டு. ஹேண்டலாப்ரா நிறுவனம் 2014-இல் இதன் டிஜிட்டல் வடிவத்தைக் கொண்டுவந்தது. அதில் கூட்டல் கழித்தல் எல்லாவற்றையும் திரையே செய்துவிடும். அந்த வழியாக வந்தவருக்குச் சீட்டுகள் பழக்கமாக இருக்கும், ஆனால் ஓர் அடி ஏன் 2-க்குப் பதில் 4 ஆக விழுந்தது என்பது பிடிபட்டிருக்காது. அவரிடம் மேசையின் கணக்கை ஒப்படையுங்கள். யாருக்கு எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு குறைகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். ஒரே ஆட்டத்தில் முழு இயக்கமும் அவருக்கு வசப்பட்டுவிடும்.

போட்டிச் சீட்டாட்டங்களில் ஊறியவர் வேறு விதம். கைச்சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்காருவார். நல்ல சீட்டைக் கடைசிவரை பதுக்கிவைப்பார். அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: இங்கே ஒளிக்க ஆள் இல்லை. உங்கள் கைச்சீட்டை நீங்களே முதலில் எல்லோருக்கும் காட்டிப் பேசத் தொடங்குங்கள். இரண்டு சுற்றில் அவரும் தொடங்கிவிடுவார்.

எனக்கு மிகப் பிடித்தவர்கள் காமிக்ஸ் வழியாக வருபவர்கள். இவர்களிடம் விதியைப் பேசாதீர்கள், சீட்டுகளைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரு வசனம் இருக்கும், அது எந்தக் காமிக்ஸ் இதழின் எத்தனையாவது எண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும். அந்த இதழ்கள் எதுவும் அச்சில் வந்ததில்லை. சென்டினல் காமிக்ஸ் என்ற பதிப்பகமே கற்பனை. அந்த உலகத்தைப் படெலும் ரெபோட்டாரோவும் அவ்வளவு நுணுக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். "இந்தக் கதையை எங்கே படிக்கலாம்?" என்று வந்தவர் கேட்டால், அவர் பாதி ஆட்டக்காரர் ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் லெட்டர்ஸ் பேஜ் என்ற ஒலித்தொடரைப் பற்றிச் சொல்லுங்கள். 2017-இல் தொடங்கிய அந்தத் தொடரில் அவர்கள் இருவரும் அந்த அச்சில் வராத கதைகளை வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி மேசைக்கு வருவோம். முதல் பெட்டியில் 10 ஹீரோக்கள், 4 வில்லன்கள், 4 இடங்கள். பத்து ஹீரோக்களையும் பரப்பிவைத்து "ஒன்றை எடு" என்று சொல்லாதீர்கள், புதியவர் மிரண்டுபோவார். மூன்று பேரை மட்டும் எடுத்து வையுங்கள். நான் வைப்பது ரா, ஹாக்கா, டெம்பெஸ்ட். எகிப்தின் சூரியக் கடவுளான ரா நெருப்பால் அடிப்பார். அடிப்படைச் சக்தியே 2 நெருப்புச் சேதம், விளக்கம் தேவைப்படாத ஹீரோ. ஹாக்கா 34 உயிர்ப்புள்ளிகளோடு தொடங்கும் மாவோரி வீரர். தப்புக் கணக்குப் போட்டாலும் தாங்குவார். டெம்பெஸ்டின் அடிப்படைச் சக்தி, ஹீரோ அல்லாத எல்லா இலக்குகளுக்கும் 1 சேதம். பார்க்கச் சிறிய எண், ஆனால் மேசை எதிரிகளால் நிறையும்போது அதன் அருமை தெரியும். சீட்டுகளை மளமளவென்று எடுத்து இறக்குவதில் மகிழ்பவர் என்று தெரிந்தால் மூன்றாமவரை எடுத்துவிட்டு டேக்கியானை வைக்கலாம்.

அப்சொல்யூட் ஜீரோவை முதல் நாள் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அவர் தன்னைத்தானே அடித்துக்கொண்டுதான் வேலை செய்வார். குளிர்ச்சேதத்தை உயிர்ப்புள்ளியாக மாற்ற ஒரு கருவி, தன் மேல் விழும் நெருப்புச் சேதத்தை எதிரி மேல் குளிராகத் திருப்ப இன்னொரு கருவி. இரண்டும் கைக்கு வராதவரை அவரை ஆடுபவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆட்டத்தில் தேறியவருக்கு அவர் பொக்கிஷம், முதல் ஆட்டக்காரருக்குத் தண்டனை. பங்கரும் சூடுபிடிக்க நேரமாகும் ஆள், அவரும் காத்திருக்கட்டும்.

நீங்கள் எடுக்க வேண்டியவர் லெகசி. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. லெகசியின் அடிப்படைச் சக்தியான கால்வனைஸ், அவருடைய அடுத்த முறை வரும்வரை எல்லா ஹீரோக்களின் அடியையும் 1 கூட்டுகிறது. அதாவது, நீங்கள் உழைப்பீர்கள், பெரிய அடி அடுத்தவர் கையால் விழும். அறிமுகப்படுத்துபவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. புதியவரை லெகசிக்கு அடுத்த இடத்தில் உட்காரவையுங்கள். வில்லன் முறை முடிந்ததும் லெகசி ஆட வேண்டும், உடனே புதியவர் ஆட வேண்டும்.

ஆட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஹீரோக்கள் வேண்டும், அதிகம் ஐந்து. இரண்டே பேர் என்றால் நீங்கள் இரண்டு ஹீரோக்களை ஆடுங்கள். புதியவருக்கு ஒன்று போதும்.

வில்லன், பேரன் பிளேடு (Baron Blade). இடம், டைனோசர்களும் எரிமலையும் நிறைந்த இன்சுலா பிரைமாலிஸ் தீவு. அங்கே இருக்கும் அப்சிடியன் ஃபீல்டு என்ற சீட்டு எல்லோருடைய அடியையும் 1 கூட்டும். ஹீரோ, வில்லன் என்று பார்க்காது. ஓர் இடமே சண்டையில் பங்கேற்கிறது என்பது புதியவருக்கு அப்போது உறைக்கும். பிளேடுக்கு 40 உயிர்ப்புள்ளிகள். ஆனால் 10 புள்ளிகள் கொண்ட பறக்கும் மேடை ஒன்று அவனோடு களத்தில் இருக்கும். அது இருக்கும்வரை அவன் மேல் எந்த அடியும் படாது. முதல் இலக்கு எது என்று கேட்கவே வேண்டாம் என்பதால்தான் அவன் முதல் ஆட்டத்துக்கு ஏற்ற வில்லன். பிளேடு லெகசியின் பரம எதிரி என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் அடிக்கும்போது 1 கூடும், அதனால் நீங்கள் சற்று அதிகமாக வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள். (இந்த எண்கள் எல்லாம் தொடக்கப் பதிப்புகளுக்கு உரியவை. பின்னால் வந்த டெஃபினிட்டிவ் பதிப்பில் சீட்டுகளை மாற்றி எழுதியிருக்கிறார்கள். கையில் இருக்கும் சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.)

விதிகளைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். தொடக்கத்தில் கையில் நான்கு சீட்டுகள். உன் முறையில் ஒரு சீட்டை இறக்கலாம், ஒரு சக்தியைப் பயன்படுத்தலாம், பிறகு ஒரு சீட்டை எடுக்க வேண்டும். இறக்கவும் இல்லை, சக்தியையும் தொடவில்லை என்றால் இரண்டு எடுக்கலாம். வில்லன், ஹீரோக்கள் வரிசையாக, பிறகு இடம், மறுபடி வில்லன். பிளேடின் கழித்த சீட்டுகள் 15 ஆகிவிட்டால் அவன் நிலாவைப் பூமி மேல் இழுத்துவிடுவான், ஆட்டம் முடிந்தது. இவ்வளவுதான். கருவிச் சீட்டு, தொடர்ந்து களத்தில் நிற்கும் சீட்டு, ஒரே தடவை பயன்படும் சீட்டு என்ற வேறுபாடுகளை அந்தந்தச் சீட்டு கைக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக, ஆடத் தொடங்கும் முன் புதியவர் தன் கட்டு முழுவதையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். எந்தச் சீட்டுக்காகக் காத்திருக்கலாம் என்று தெரிந்தால்தான் சீட்டெடுக்கும்போது நெஞ்சு படபடக்கும்.

என் அக்கா மகள் முதன்முதலில் ராவை எடுத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். முதல் சுற்று. நான் லெகசியின் இன்ஸ்பையரிங் பிரசன்ஸ் சீட்டை இறக்கினேன். அது களத்தில் இருக்கும்வரை ஹீரோக்கள் எல்லோருடைய அடியும் 1 கூடும். கூடவே கால்வனைஸ் சக்தியையும் பயன்படுத்தினேன். அவள் கையில் ராவின் கோல் இருந்தது. இறக்கினாள், ராவின் அடி இன்னும் 1 கூடியது. பிறகு அடிப்படைச் சக்தியால் மேடையை அடித்தாள்.

"இரண்டு" என்றாள்.

"சரியாக எண்ணு" என்றேன்.

விரலால் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு, கோலுக்கு மூன்று, லெகசியின் சீட்டுக்கு நான்கு. என் பக்கம் திரும்பி, "சித்தி, உங்கள் சக்தியும் எனக்குச் சேருமா?" என்றாள். சேரும் என்றேன். "அப்படியானால் ஐந்து!"

பாதி மேடை போய்விட்டது. அடுத்து அக்கா, ஹாக்காவின் சக்தியால் 2-உம் என் லெகசியால் கூடிய 2-உம் சேர்த்து நான்கு அடித்தார். மீதி ஒன்று. கடைசியாக அத்தான், டெம்பெஸ்டின் புயலால் அதைத் துடைத்தார். முதல் சுற்றிலேயே பிளேடு திறந்தவெளியில் நின்றான். அதற்கு மேல் அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் இன்னொருவரின் அடியை வளர்க்கிறார் என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அதை அவளே எண்ணிக் கண்டுபிடித்தாள். அந்தக் கூட்டலை நான் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் அவளுக்கு அந்தக் கண்டுபிடிப்பு கிடைத்திருக்காது.

அதனால்தான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான விஷயம், உங்கள் வாய். கூட்டுறவு ஆட்டம் என்பதால் நன்கு தெரிந்தவர் எல்லோருக்காகவும் ஆடிவிடும் ஆபத்து இதில் எப்போதும் உண்டு. "அதை இறக்கு, இவனை அடி" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே போனால் ஆட்டத்தை ஜெயிப்பீர்கள், ஆளை இழப்பீர்கள். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். பதிலிலும் இரண்டு வழிகளைச் சொல்லித் தேர்வை அவரிடமே விடுங்கள். உங்கள் முறையில் நீங்கள் என்ன யோசிக்கிறீர்கள் என்பதை உரக்கப் பேசுங்கள். கற்றுக்கொடுக்க அதுவே நல்ல வழி. அவர் சுமாரான சீட்டை இறக்கினால் இறக்கட்டும். நிலா விழப்போகிறது என்ற நிலையில் மட்டும், கழித்த சீட்டுகள் எத்தனை என்று எண்ணி அறிவித்துவிடுங்கள்.

பிளேடின் உயிர்ப்புள்ளி தீர்ந்ததும் அவன் சீட்டு மறுபக்கம் திரும்பி, 30 புள்ளிகளோடு வெறிகொண்டு மீண்டும் எழுவான். இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். மேசையில் எழும் அந்தக் கூச்சலை யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது.

புதியவரின் ஹீரோ வீழ்ந்துவிட்டால் உடனே அவர் பக்கம் திரும்புங்கள். வீழ்ந்த ஹீரோவின் சீட்டைத் திருப்பினால் பின்னால் மூன்று திறன்கள் இருக்கும்; அவர் தன் முறையில் ஒன்றைப் பயன்படுத்தி மற்றவர்களுக்கு உதவிக்கொண்டே இருக்கலாம். யாரையும் வேடிக்கை பார்க்கவிடாத இந்த ஏற்பாட்டுக்காகவே இந்த ஆட்டத்தின் மீது எனக்குத் தனி மதிப்பு.

தோற்றால் அதே ஹீரோ, அதே வில்லன், உடனே இன்னோர் ஆட்டம். ஜெயித்தால் ஹீரோவை மாற்றாமல் வில்லனை மட்டும் மாற்றுங்கள். ஆம்னிட்ரான் அடுத்த படிக்குப் பொருத்தம். சிட்டிசன் டானை இன்னும் சற்றுத் தள்ளிவையுங்கள். செவ்வாய்த் தளம் என்ற இடத்தின் கட்டில் தளம் தன்னைத்தானே வெடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு, கவனிக்காவிட்டால் ஆட்டமே போய்விடும், அதுவும் பிறகு. ரூக் சிட்டி விரிவாக்கப் பெட்டியைப் புதியவர் கண்ணில் படாத இடத்தில் வைப்பது நல்லது. அதில் வரும் சேர்மன் என்ற வில்லனிடம் பழுத்த ஆட்டக்காரர்களே திணறுகிறார்கள்.

சில ஆட்டங்கள் ஆன பிறகு, பெட்டியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். வில்லன், இடம், ஹீரோக்கள் எல்லாவற்றையும் அவர் தேர்ந்தெடுத்து அடுக்கட்டும். லெகசியை அவர் எடுத்துக்கொண்டால் அவருக்கு அடுத்த இடத்தில் நீங்கள் போய் உட்காருங்கள்.